பதினோரு ஊமச்சிகள்

வெண்ணேரியின் தண்ணீர் தன் சத்தத்தை விட்டது ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, வெயில் கரைப் பனைகளுக்கு மேல் ஒரு முழம் ஏறியிருந்த நேரத்தில். அதை முதலில் அறிந்தவள் ஊமச்சி பொறுக்கி விற்கிற செம்பாயி. வழக்கம்போலப் புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, இடுப்பில் கூடையோடு ஏரிக்குள் இறங்கியவள், இரண்டடி வைத்ததும் காதை ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்துச் சுண்டுவிரலை விட்டுக் குடைந்தாள். பனைமேல் காக்கை கத்தியது கேட்டது. கரைமேல் போன டிராக்டர் கேட்டது. குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை வாரி அடித்தாள். தண்ணீர் சிதறியது, வெயிலில் மின்னியது, திரும்ப ஏரியில் விழுந்தது, விழுந்த சத்தம் மட்டும் வரவில்லை.

படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவும் அந்த நேரத்தில்தான் நிமிர்ந்தாள். கல்லில் அறைந்த துணி அறைந்தபடி கேட்டது, அதே துணியைத் தண்ணீரில் போட்டு அலசினால் ஒன்றும் கேட்கவில்லை. அவள் மூன்று முறை அலசிப் பார்த்துவிட்டு, பால் திரிந்துபோனதைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"தண்ணி ஊமையாயிடிச்சிக்கா."

பத்து மணிக்குள் ஊரே கரையில் நின்றது. ஆளாளுக்குக் கல்லெடுத்துப் போட்டார்கள், செங்கல் போட்டார்கள், தென்னை மட்டையை வீசினார்கள், கடைசியில் தலைவர் கலியபெருமாள் தன் எருமையை ஓட்டிவந்து இறக்கினார். எருமை ஆனந்தமாக விழுந்து புரண்டது, அது புரண்ட அலை படிக்கட்டு வரை வந்து மோதியது, ஆனால் ஒரு துணுக்குச் சத்தம் எழவில்லை. அன்று மதியம் பாதி வீடுகளில் சோறு அடிப்பிடித்தது, ஏனென்றால் உலை கொதித்தது யாருக்கும் கேட்கவில்லை. தெருக்குழாயில் வருவதும் அந்த ஏரித் தண்ணீர்தான் என்பதால், திறந்துவிட்ட குழாயைக் கேட்டு மூட வழியில்லாமல், சாயங்காலத்துக்குள் மேல்நிலைத் தொட்டி காலியானது. குடத்தில் எவ்வளவு ரொம்பியிருக்கிறது என்பதைக் காதால் அளந்து பழகியிருந்த பெண்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். மழை பெய்தபோது கூரையில் விழுந்த மழை கேட்டது, வாசலில் விழுந்த மழை கேட்டது, ஏரியில் விழுந்த மழை கேட்கவில்லை. தவளைகள் கன்னத்தை ஊதிக்கொண்டு கரையோரம் உட்கார்ந்திருந்தன, அவற்றிடமிருந்தும் எதுவும் வரவில்லை.

ஒரு வாரத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. மனுசருக்குப் பழகாதது என்று எது இருக்கிறது? உலைமூடியின் மேல் ஒரு சில்லறைக் காசை வைத்தார்கள், கொதி வந்தால் காசு ஆடி மூடியில் தட்டியது. குழாயடியில் ஓர் ஆளை உட்காரவைத்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து, ஆளுக்கு ஒரு கல்லைப் போட்டுப் பார்த்து, தலையை ஆட்டி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஜீப்பில் வந்தவர்கள் நான்கு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். குடிக்க உகந்தது என்று பதினைந்து நாளில் கடிதம் வந்தது. கடிதத்தில் தப்பு ஒன்றும் இல்லை, அந்தத் தண்ணீரைக் குடித்து யாருக்கும் வயிறு கெடவில்லை.

பிறகு மாயவன் செத்தான்.

மாயவன் பச்சையம்மாவின் புருஷன், ஆடு மேய்க்கிறவன், நீச்சல் தெரிந்தவன். சேற்றில் மாட்டிக்கொண்ட குட்டி ஒன்றைத் தூக்க இறங்கியவன், போன வருஷம் மண் வெட்டிய பள்ளத்தில் கால் வைத்துவிட்டான். நல்ல பகல், பதினோரு மணி. இருபதடி தூரத்தில் படித்துறையில் நான்கு பெண்கள் முதுகைக் காட்டியபடி துணி அலசிக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருத்தி பச்சையம்மா. அவன் கையை அடித்திருப்பான், காலை உதைத்திருப்பான், வாயில் தண்ணீர் புகுந்தபின் கத்த வழியிருந்திருக்காது, ஏரியைக் கலக்கியிருப்பான். எதுவும் கேட்கவில்லை. அவன் ஆடுகள் எல்லாம் மேய்ச்சலை விட்டுவிட்டு வரிசையாக நின்று தண்ணீரையே பார்ப்பதை எதேச்சையாகத் திரும்பிக் கண்ட பச்சையம்மா, அவை எதைப் பார்க்கின்றன என்று எழுந்து வந்து பார்த்தாள்.

அன்றுதான் ஊருக்குள் பயம் வந்து உட்கார்ந்தது. அதுவரை அதிசயமாக இருந்த ஒன்று, காலுக்கடியில் காத்திருக்கிற ஒன்றாக மாறியது. குழந்தைகளின் இடுப்பில் சலங்கை கட்டினார்கள். ஏரியில் இறங்குகிறவர் யாராக இருந்தாலும் வாய்விட்டுப் பாடிக்கொண்டே இருக்கவேண்டும், பாட்டு நின்றால் கரையில் இருப்பவர்கள் உடனே திரும்பிப் பார்க்கவேண்டும் என்று கோயில் வாசலில் வைத்து முடிவானது. வாழ்நாளில் பாடியே இராத ஆட்கள் பாடினார்கள். சினிமாப் பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் இரண்டாம் வாய்ப்பாடு. காலையில் ஏரிக்கரைப் பக்கம் போனால் நாற்பது ஐம்பது குரல்கள் நாற்பது ஐம்பது பாட்டை ஒரே நேரத்தில் பாடுவது கேட்கும். தூரத்திலிருந்து கேட்டால் திருவிழா மாதிரி இருக்கும், கிட்டே வந்து முகங்களைப் பார்த்தால் யார் முகத்திலும் பாட்டு இருக்காது.

செம்பாயி பாடவில்லை, ஏனென்றால் மாயவனை எடுத்த நாளிலிருந்து அவள் ஏரியில் இறங்கவே இல்லை. அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது.

ஊமச்சி என்று அந்த ஊரில் சொல்வது ஏரியில் பிறந்து ஏரியிலேயே வளர்கிற கறுப்பு நத்தையை. அதற்குக் குரல் கிடையாது என்பதால் அந்தப் பெயர். கரையோரத்து ஈர மண்ணில் குழி பறித்து வெள்ளை வெள்ளையாக முட்டை வைக்கும், கோடையில் ஏரி வற்றினால் சேற்றுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த மழை வரை தூங்கும். மூலக்காரர்களும் மூட்டுவலிக்காரர்களும் தேடிவந்து வாங்குவார்கள். செம்பாயி இருபது வருஷமாக அதைப் பொறுக்கித்தான், லாரியோட்டப் போன புருஷன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வருகிற இடைவெளிகளை ஓட்டினாள், மகள் வெண்ணிலாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், டவுனில் கண்ணாடித் தொட்டியில் கலர் மீன் விற்கிற ஒருவன், தொட்டி முழுக்கப் பெருகிவிட்டது, தூக்கிப்போடத்தான் போகிறேன் என்று ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய மஞ்சள் நத்தைகளை அவளிடம் தள்ளிவிட்டான். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒவ்வொன்றும். இது ஏரியில் வளர்ந்தால் பத்து நத்தையில் கூடை நிரம்பிவிடுமே என்று அவளுக்குத் தோன்றியது. பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு, யாரிடமும் சொல்லாமல், தாமரை படர்ந்த மூலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள்.

ஊர் அவற்றைச் சீமை நத்தை என்றது, எங்கிருந்து வந்தன என்று கேட்கவில்லை. வெள்ளத்தில் வந்திருக்கும், கொக்குக் காலில் வந்திருக்கும் என்று விட்டுவிட்டது. அவை தண்ணீருக்கு மேலே, தாமரைத் தண்டில், கோரையில், படித்துறைச் சுவரில், எங்கு பிடிமானம் கிடைத்தாலும் அங்கெல்லாம் கொத்துக் கொத்தாக ரோஸ் நிறத்தில் முட்டை வைத்தன. தாமரை இலையைத் தின்றன, நட்ட நாற்றைத் தின்றன, பாசியைத் தின்றன, பாசியை நம்பியிருந்த ஊமச்சிக் குஞ்சுகளைப் பட்டினி போட்டன, ஊமச்சியின் முட்டையையும் விடவில்லை. அடியில் புதைந்து கிடந்து தண்ணீரைத் தெளியவைக்கிற மட்டிகள் வாயைத் திறந்தபடி செத்து ஒதுங்கின. நத்தைகுத்தி நாரைகள் வந்து ஒரு நாள் முழுக்க நின்று பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் வராமல் போயின. மஞ்சள் நத்தையை ஒருமுறை வாங்கினவர்கள் மறுமுறை வாங்கவில்லை, அதன் கறி சவசவவென்று இருந்தது. அதனால் செம்பாயி ஊமச்சியையே தேடித் தேடிப் பொறுக்கினாள். கூடை நிறைய வந்தது அரைக்கூடை ஆனது, அரைக்கூடை ஒரு சொம்பு ஆனது. அந்தத் திங்கட்கிழமை ஏரி முழுக்கத் துழாவியதில் ஏழு கிடைத்தது, ஏழையும் ஒரு மூலக்காரருக்குக் கொடுத்தாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை.

அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. மாயவனுக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்தபோது பச்சையம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அப்போதும் சொல்லவில்லை.

வெண்ணிலா வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். புரட்டாசி பிறந்த வாரத்தில் நர்ஸ் ரூபாவதி வழக்கம்போல வந்து, கட்டிலில் அவளைப் படுக்கவைத்து, வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை வைத்தாள். குழந்தையின் நெஞ்சு குதிரை ஓடுகிற மாதிரி கேட்கவேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. கருவியைத் தட்டிப் பார்த்தாள், தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள், அதில் கேட்டது. வெண்ணிலாவின் நெஞ்சில் வைத்தாள், கேட்டது. வயிற்றில் வைத்தால் நிசப்தம்.

"அசையுதா?" என்று கேட்டாள்.

"இப்பகூட உதைக்குது சிஸ்டர்," என்றாள் வெண்ணிலா. அவள் முகம் வெளுத்திருந்தது.

அன்றைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்கேனில் குழந்தை நன்றாக இருந்தது, கட்டை விரலை வாயில் வைத்திருந்தது, நெஞ்சு துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தத்தைக் கூட்டினார்கள், அப்படியும் கேட்கவில்லை. டாக்டரம்மா வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஒரு பழைய சீட்டை எடுத்துப் பார்த்தார். அதே ஊரிலிருந்து போன வாரம் வந்த இன்னொரு பெண்ணுக்கும் இதேதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரூபாவதி மெல்லிய குரலில் சொன்னாள்: "கொழந்த தண்ணிக்குள்ளதானே இருக்குது. அம்மா குடிக்கற தண்ணிதானே அந்தத் தண்ணி."

வெண்ணிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவிடம் கேட்டாள்: "பொறந்து அழுதா எனக்குக் கேக்குமாம்மா?"

செம்பாயி மகளின் கையைப் பிடித்தாள். பஸ் நிற்கும் வரை விடவில்லை.

மறுநாள் காலையில் ஒரு பாட்டில் குடிதண்ணீரும் மடியில் கூழாங்கற்களும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வெண்ணேரிக்கு வருகிற வாய்க்காலோரம் மேல்நோக்கி நடந்து, வழியில் இருந்த ஒவ்வொரு நீர்நிலையிலும் ஒரு கல்லைப் போட்டாள். வண்ணான் குட்டையில் போட்டாள், சத்தமில்லை. பிள்ளையார் கோயில் குளத்தில் போட்டாள், சத்தமில்லை. அடுத்த ஊர் ஏரியில் ஆட்கள் இன்னும் எதையும் அறியாமல் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கல் விழுந்த சத்தம் கேட்டது, ஆனால் எட்டாத தூரத்தில் யாரோ விழுங்கிய மிடறு மாதிரி அவ்வளவு சன்னமாகக் கேட்டது, கோரைத் தண்டுகளில் ரோஸ் நிற முட்டைகள் கொத்துக் கொத்தாக இருந்தன. மாடு குளிப்பாட்டிய ஒருவன் அவளைப் பார்த்துச் சிரித்து, என்னம்மா தேடுற என்றான். அவள் கோரையைப் பார்த்தபடியே நடந்தாள். வெண்ணேரியிலிருந்து மஞ்சள் நத்தை நீரேறிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதும், தான் அதன் பின்னாலேயே நடக்கிறோம் என்பதும் அவளுக்குப் புரிந்தது. மூன்றாவது நாள் வாய்க்காலை விட்டு விலகி மேட்டுக்கு ஏறினாள். அங்கே செம்மண் காட்டில் முந்திரித் தோப்புக்கு நடுவே, எந்த வாய்க்காலும் வந்து சேராத, மழையை மட்டும் குடித்துக் கிடக்கிற ஒரு குட்டை இருந்தது. கடைசிக் கல்லைப் போட்டாள்.

குளுக் என்றது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதத்துக்கு மேலாகக் கேட்காத சத்தம். இன்னொரு முறை கேட்கவேண்டும்போல் இருந்தது, மடியில் கல் இல்லை, பக்கத்தில் கிடந்த முந்திரிக்கொட்டையை எடுத்துப் போட்டாள்.

"குட்டையில எதுக்கும்மா கல்லு போடற?" தோப்புக்காரர் சவரிநாதன் கையில் கொக்கி கட்டிய நீள அலக்கோடு நின்றார். அறுபது வயது இருக்கும், காதில் கடுக்கன்.

"சத்தம் வருதான்னு பாத்தேங்க."

அவர் சிரிக்கவில்லை. "வெண்ணேரியா நீ?" என்றார். ஆமாம் என்றதும் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "அங்கேயே நில்லு. கால் சேறு காயற வரைக்கும் பாறை மேல ஏறி நில்லு. மஞ்ச நத்தக் குஞ்சு கடுகளவுதான் இருக்கும், சேத்தோட ஒட்டிகிட்டு வந்துரும்."

அவள் வெயிலில் பாறைமேல் நின்றாள். அவர் தேங்காய் நாரை எறிந்தார், காய்ந்த சேற்றைத் தேய்த்து உதிர்த்தாள். அதுவரை அவர் குட்டைக்கும் அவளுக்கும் நடுவிலேயே நின்றார். குட்டையோரத்து ஈரத்தில் கறுப்பு ஊமச்சிகள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவள் அதை வாங்கித் தன் பாட்டிலுக்குள், வெண்ணேரியின் ஊமைத் தண்ணீருக்குள் விட்டாள். பாட்டிலைச் சாய்த்தாள்.

களக், களக் என்றது தண்ணீர்.

அவள் இன்னொரு முறை சாய்த்தாள். பிறகு சவரிநாதன் கேட்டார்: "அந்த மஞ்சள யாரு கொண்டாந்து உட்டது?"

வெள்ளத்தில் வந்தது என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான்," என்றாள்.

அவர் அலக்கைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். "உங்க ஊருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஒரு ஆளு செத்துட்டாரு. எம் மவ வயித்துல கொழந்தைக்குச் சத்தமில்ல. இதுல கொஞ்சம் குடுத்தீங்கன்னா…"

"குடுத்தா என்னா பண்ணுவ? கொண்டுபோயி ஏரியில உடுவ. நாளைக்குள்ள மஞ்சளு தின்னு தீத்துரும். இங்க இருக்கறதே கொஞ்சம்." அவர் பாட்டிலை வாங்கி, ஊமச்சியைக் கவனமாக எடுத்து ஈர மண்ணில் விட்டார், பாட்டில் தண்ணீரைப் பாறைமேல் கொட்டினார். அது சத்தமில்லாமல் வழிந்து காய்ந்தது. "மொதல்ல எடத்தச் செய்யி. ஏரியில ஒரு மூலைய வலை கட்டி அடை. அதுக்குள்ள ஒரு மஞ்சளும் இல்ல, ஒரு முட்டையும் இல்லன்னு ஆனப்பறம் வா. ஒத்தையா உன்னால ஆவாது. ஆளுங்கள கூப்பிடணும்னா உண்மையச் சொல்லித்தான் கூப்பிடணும்."

அவள் வெறுங்கையோடு இறங்கினாள். வந்த மூன்று நாள் வழி, திரும்பும்போது ஒரே பகலாகச் சுருங்கிவிட்டது. ஊர் இன்னும் தூரத்தில் இருக்கக்கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், கோயில் முன்னால் ஊர் கூடியிருக்க, செம்பாயி எழுந்து நின்று சொன்னாள். வாளி, பஸ், தாமரை மூலை, ஏழு ஊமச்சி, எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். வேப்பமரத்து இலை விழுந்தது கேட்டது. தலைவர் கலியபெருமாள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாக, அவளைப் பார்க்காமல், பச்சையம்மாவைப் பார்த்தார்கள்.

பச்சையம்மா வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வூட்டுத் தோளுன்னு சாஞ்சேனே," என்றாள் கடைசியில். அது செம்பாயியிடம் சொன்னது அல்ல, யாரிடமும் சொன்னது அல்ல. எழுந்து வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் சோளக்கூடை இருந்தது. நேராக ஏரிக்கு நடந்து, மாயவன் போனதிலிருந்து கால் வைக்காத தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி, பாடாமல், முதல் மஞ்சள் நத்தையைப் பிடுங்கிக் கூடைக்குள் போட்டாள். அதற்குப் பிறகு அவள் செம்பாயியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் அவளுக்குப் பின்னால் இறங்கியது. மன்னித்து இறங்கியது என்று சொல்லமுடியாது, பயந்து இறங்கியது. படித்துறைக்குக் கிழக்கே ஒரு களம் அளவு இடத்தை மூங்கில் நட்டு வளைத்து, வீடு வீடாகக் கொசுவலை வாங்கி இரட்டையாகத் தைத்து, அடியில் மண்மூட்டை போட்டு இறுக்கிக் கட்டினார்கள். உள்ளே இருந்த நத்தைகளைப் பொறுக்கிக் கரையில் குவித்து நசுக்கினார்கள். முட்டைக் கொத்துகளைச் சுரண்டித் தண்ணீருக்குள் அமுக்கினார்கள், தண்ணீருக்குள் போனால் அந்த முட்டை பொரிக்காது. எல்லோர் விரலும் ரோஸ் நிறமாயிற்று, சோற்றில் கை வைக்கக் கூசியது. பொறுக்கியது முடிந்தது என்று நிமிர்ந்தால் மறுநாள் காலையில் வலையின் வெளிப்பக்கம், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, புது முட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அவை உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். செம்பாயி விடிந்ததும் வந்து அந்தி வரை தண்ணீரிலேயே நின்றாள். சோறு கொண்டுவந்த வெண்ணிலா கரையிலிருந்து கூப்பிட்டால், வயிற்றைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள்.

பதினெட்டாம் நாள் சவரிநாதன் தானே வந்தார். வலையைச் சுற்றி நடந்தார், உள்ளே கைவிட்டு மண்ணை அள்ளி விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தார், பிறகு ஈரச் சாக்கை அவிழ்த்தார். பதினோரு ஊமச்சிகள். ஒவ்வொன்றாக விட்டார்கள். பதினோராவது உள்ளே போனதும் யாரும் அசையவில்லை. கலியபெருமாளின் நனைந்த துண்டிலிருந்து ஒரு சொட்டு வலைக்குள் விழுந்தது.

அது கேட்டது. கூடியிருந்த முந்நூறு பேருக்கும் கேட்டது. ஒரு கிழவர் மட்டும் அழுதார், மற்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தார்கள்.

அந்த வளைப்புக்குள்ளிருந்து எடுத்த தண்ணீரைக் கர்ப்பிணிகள் மூன்று பேருக்கு மட்டும் குடிக்கக் கொடுப்பது என்று முடிவானது. செம்பாயி தினமும் காலையில் ஒரு குடம் மொண்டு, சொட்டும் சிந்தாமல், மூன்று வீட்டுக்கும் பங்கிட்டாள். ரூபாவதி வாரம் ஒருமுறை வந்தாள். முதல் வாரம் கருவியில் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் ஒன்றுமில்லை. வெண்ணிலா உண்பது குறைந்துபோனது, குழந்தை உதைத்தால்கூட இப்போது பயந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் வாரம் ரூபாவதி கருவியை வைத்துவிட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். கருவியின் ஒலியைக் கூட்டினாள். வெகு தூரத்தில், ஏதோ மலைக்கு அந்தப் பக்கம், ஒரு குதிரை ஓடுகிற சத்தம் வந்தது.

"இருக்குது," என்றாள்.

ஐப்பசிக் கடைசியில் வெண்ணிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழுதது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற செம்பாயிக்குக் கதவைத் தாண்டிக் கேட்கிற அளவுக்கு அழுதது. அவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, அந்த அழுகை நின்றுவிடக்கூடாதே என்று அது நிற்கும் வரை பயந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் குழந்தைக்கு ஒரு வழக்கம் இருந்தது. குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டினால், மேலே விழுவது எதுவென்று கேட்காமல் உடம்பு விறைத்துக் கண்ணை அகல விரித்துப் பார்க்கும். அதனால் அதற்கும் வளைப்புத் தண்ணீரில் ஒரு சொம்பு ஒதுக்கவேண்டியதாயிற்று.

கார்த்திகை நாலாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாவது நாள் மதியம், வானம் அடுப்புக்கரியாக இருந்த வேளையில், ஏரி நீர் வலையின் மேல்விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்துவிட்டது என்று கரைக்காவல் ஆள் ஓடிவந்து சொன்னான். வலை மூழ்கினால் மஞ்சள் உள்ளே வந்துவிடும். அதை யாரும் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புடவையை வரிந்துகொண்டு, ஊரே இறங்கியது. மூங்கிலிலிருந்து வலை விளிம்பை அவிழ்த்து, வளைப்பைச் சுற்றித் தோளோடு தோள் நின்று, கைகளால் உயர்த்திப் பிடித்தார்கள். தண்ணீர் மார்பளவு இருந்தது.

வலைக்கு உள்ளே விழுந்த மழை சோளம் பொரிகிற மாதிரி படபடத்தது. வெளியே, அதே மழை அவர்கள் முதுகுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஏரியில் விழுந்துகொண்டிருந்தது, ஓசையே இல்லாமல். யாரும் பாடவில்லை, வாய் திறக்க யாருக்கும் துணிவில்லை. தண்ணீருக்குள் கணுக்காலில் வழவழப்பாக ஒன்று ஏறுவதைச் செம்பாயி உணர்ந்தாள், பிறகு இன்னொன்று, பிறகு முழங்கால் மடிப்பில் ஒன்று. உதற முடியாது, உதறினால் கை ஆடும். வளையத்தில் நின்ற அத்தனை பேர் முகத்திலும் அதே இறுக்கம் இருந்தது, எல்லோர் காலிலும் அவை ஏறிக்கொண்டிருந்தன.

அவளுக்கு இடப்பக்கம் வந்து நின்றது யார் என்று அவள் அப்போதுதான் பார்த்தாள். பச்சையம்மா. ஒரே விளிம்பை இரண்டு பேரும் பிடித்திருந்தார்கள், விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பச்சையம்மா அவளைப் பார்க்கவில்லை. வலைக்குள் பார்த்தாள், அங்கே மூங்கில் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு ஊமச்சி மழைக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் இன்னும் ஒரு விரல் ஏறியது.

"தூக்கு," என்றாள் பச்சையம்மா.

செம்பாயி தூக்கினாள்.